முதல் தலைமுறை ஸ்மார்ட்வாட்ச்: வாங்குவதா, காத்திருப்பதா? முழுமையான வழிகாட்டி

ஒரு நிறுவனம் முதன்முதலாக ஸ்மார்ட்வாட்ச் கொண்டுவருகிறது. அறிமுக வீடியோ பிரமாதமாக இருக்கிறது, யூடியூபில் ஆளாளுக்குக் கையில் கட்டிக்கொண்டு பேசுகிறார்கள், இஎம்ஐ போட்டால் மாதம் இரண்டாயிரம்தான் ஆகும் போலத் தெரிகிறது. வாங்கலாமா? பெரும்பாலானவர்களுக்கு என் பதில் "இப்போது வேண்டாம்". சிலருக்கு மட்டும் "தாராளமாக வாங்குங்கள்". நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

தொடங்கும் முன் ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பெட்டியைப் பிரிக்கும் அன்று வாட்ச் என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் விலை போடுங்கள். "அடுத்த அப்டேட்டில் வரும்" என்று சொல்லும் எதற்கும் விலை பூஜ்யம். வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை.

படி 1: இது முதல் தலைமுறைதானா என்று பாருங்கள்

பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 2024இல் வந்த ஒன்பிளஸ் வாட்ச் 2 பெயரளவில் இரண்டாவது. ஆனால் 2021இல் வந்த முதல் ஒன்பிளஸ் வாட்ச் அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் ஓடியது, இரண்டாவதுதான் கூகுளின் வேர் ஓஎஸ்ஸுக்கு மாறியது. அந்த வகையில் "2" தான் அவர்களுக்கு முதல் முயற்சி. சாம்சங்கும் இப்படித்தான்: 2021 ஆகஸ்டில் வந்த கேலக்ஸி வாட்ச் 4, டைசன் என்ற தங்கள் பழைய இயங்குதளத்தை விட்டுவிட்டு வேர் ஓஎஸ்ஸுக்குத் தாவியது, கூடவே ஐபோனோடு இணையும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நான்காவது என்று நம்பி வாங்கிய ஐபோன்காரர்களுக்கு அது பெரிய இடி.

நேர்மாறாகவும் நடக்கும். 2024இல் வந்த கேலக்ஸி வாட்ச் அல்ட்ரா புதுப் பெயர், புது உடம்பு. உள்ளே இருந்த சிப்போ அதே நேரத்தில் வந்த வாட்ச் 7இல் இருந்த அதே சிப்தான்.

அதனால் மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்: சிப், இயங்குதளம், சென்சார். இந்த மூன்றில் இரண்டு அந்த நிறுவனத்துக்குப் புதிது என்றால், பெட்டியில் எந்த எண் இருந்தாலும் முதல் தலைமுறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் போனோடு பொருத்திப் பாருங்கள்

நேரத்தை வீணாக்காமல் முடித்துவிட வேண்டிய படி இது. ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும். பிக்சல் வாட்சுக்கு ஆண்ட்ராய்டு வேண்டும். 2013இல் சாம்சங் கேலக்ஸி கியர் வெளியானபோது அது கேலக்ஸி நோட் 3 என்ற ஒரே ஒரு போனோடுதான் வேலை செய்தது, மற்ற போன்களுக்கு ஆதரவு பிற்பாடுதான் வந்தது. இந்தியாவில் அந்த வாட்சின் விலை 22,990 ரூபாய். அதைக் கட்டிக்கொள்ள ஐம்பதாயிரம் ரூபாய் போனும் வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்?

இணைகிறது என்றால் எல்லாமே இணைகிறது என்று அர்த்தமில்லை. சாம்சங் வாட்சை வேறு ஆண்ட்ராய்டு போனோடு இணைக்கலாம், ஆனால் ஈசிஜியும் ரத்த அழுத்தமும் பார்ப்பதற்கான அவர்களின் செயலி சாம்சங் போனுக்கானது. இரண்டு வருடத்துக்குள் போனை மாற்றும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். வாட்ச் வாங்குகிறீர்கள் என்றால் அடுத்த போனின் பிராண்டையும் சேர்த்தே முடிவு செய்கிறீர்கள்.

படி 3: விளம்பரத்தில் உள்ள வசதிகளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் இன்றே, இந்தியாவில், உங்கள் போனில் வேலை செய்வது. இரண்டாவதில் வேறு நாட்டில் மட்டும் வேலை செய்வது. மூன்றாவதில் பின்னால் வரும் என்று சொன்னது.

இரண்டாவது பத்தியைப் பலர் பார்ப்பதே இல்லை. 2015இல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது கடையில் கையை நீட்டிப் பணம் கட்டுவதைப் பெரிதாகக் காட்டினார்கள். நம் ஊரில் பத்து வருடம் ஓடியும் ஆப்பிள் பே வரவில்லை. 2018இல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4இல் ஈசிஜி வந்தது, இந்தியாவில் அது திறக்கப்பட்டது 2019 செப்டம்பரில்தான். வன்பொருள் கையில் இருக்கும், வசதி பூட்டிக் கிடக்கும். மருத்துவம் சம்பந்தப்பட்ட எதற்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியிருப்பதால் இது தவிர்க்க முடியாதது. ஆனால் உங்கள் பணத்துக்கு அந்தச் சமாதானம் எல்லாம் தெரியாதே.

மூன்றாவது பத்திக்கு நல்ல உதாரணம் கூகுளின் முதல் பிக்சல் வாட்ச். 2022 அக்டோபரில் 349 டாலர் சொச்சத்துக்கு வந்தது. கீழே விழுந்தால் கண்டறியும் வசதி அன்று இல்லை, 2023 பிப்ரவரியில்தான் வந்தது. ரத்த ஆக்சிஜன் அளக்கும் சென்சார் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது, அதைப் பயன்படுத்த முடிந்தது 2023 நடுவில். அதற்கு அடுத்த சில மாதத்தில் பிக்சல் வாட்ச் 2 வந்துவிட்டது! கூகுள் ஏமாற்றியது என்று சொல்ல முடியாது, சொன்னதைச் செய்தார்கள். ஆனால் முழு விலை கொடுத்தவருக்கு முழு வாட்ச் கிடைத்தது அதன் வாரிசு வாசலில் நிற்கும்போதுதான்.

இப்போது முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இதற்கு மட்டும் இந்த விலை கொடுப்பேனா? இல்லை என்று மனது சொன்னால் மிச்சப் படிகள் தேவையில்லை, தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

படி 4: சிப்பின் வயதைக் கண்டுபிடியுங்கள்

முதல் தலைமுறையில் நிறுவனங்கள் கையைக் கடித்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். சொந்த சிப் தயாராக இருக்காது, வெளியிடும் தேதியோ குறித்தாகிவிட்டது, கிடைத்ததைப் போட்டு விற்றுவிடுவார்கள்.

2014இல் வந்த மோட்டோ 360ஐப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வட்டமான திரை, கண்ணைப் பறிக்கும் அழகு, திரையின் அடியில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. அந்த அழகுக்குள் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் 3. அந்த நிறுவனம் 2012லேயே போன் சிப் தொழிலிலிருந்து விலக முடிவெடுத்துவிட்டது. பழைய தொழில்நுட்பம், அதனால் மின்சாரத்தையும் அதிகம் குடிக்கும், வேகமும் இல்லை. 2017இல் ஆண்ட்ராய்டு வேர் 2.0 (வேர் ஓஎஸ்ஸின் அன்றைய பெயர்) வந்தபோது அது இந்த வாட்சுக்குக் கிடைக்கவில்லை. அடுத்து, 2022இன் பிக்சல் வாட்ச்: உள்ளே இருந்த எக்சினோஸ் 9110, சாம்சங் 2018இல் தன் கேலக்ஸி வாட்சில் போட்ட அதே சிப். இரண்டாவது பிக்சல் வாட்சில் ஸ்னாப்டிராகன் டபிள்யூ5 என்ற புது சிப் வந்தது, விலை ஏறக்குறைய அதே.

ஆப்பிளின் முதல் வாட்ச் வேறு வழியில் மாட்டியது. சிப் புதிதுதான், பெயர் எஸ்1. ஆனால் வெளியிலிருந்து வரும் செயலிகள் ஐபோனில் ஓடும், திரையில் காட்ட வேண்டியதை ப்ளூடூத் வழியாக வாட்சுக்கு அனுப்பும். அதனால் ஒரு செயலியைத் தொட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் போனையே பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிடலாம். 2015 செப்டம்பரில் வாட்ச்ஓஎஸ் 2 என்ற இயங்குதள அப்டேட் வந்து செயலிகளை வாட்சிலேயே ஓடவிட்டது. உருப்படியான வேகம் வந்தது 2016இல், இரட்டை மையச் சிப்போடு சீரிஸ் 1 வந்தபோது. மென்பொருளால் ஓரளவுக்குத்தான் சரிசெய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது? விவரப் பட்டியலில் சிப்பின் பெயரை எடுங்கள், அதே சிப் முதலில் எந்த வாட்சில், எந்த வருடம் வந்தது என்று தேடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் வாங்காதீர்கள். சிப்பின் பெயரையே சொல்லவில்லை என்றாலும் அதே பதில்தான்.

படி 5: பேட்டரியை உங்கள் நாளோடு கணக்குப் போடுங்கள்

முதல் ஆப்பிள் வாட்சுக்கு 18 மணி நேரம் என்றார்கள். அந்த 18 மணி நேரம் எப்படிப்பட்டது என்பதையும் எழுதியிருந்தார்கள்: 90 முறை நேரம் பார்ப்பது, 90 அறிவிப்புகள், 45 நிமிடம் செயலிகள், பாட்டோடு 30 நிமிட உடற்பயிற்சி. 90 அறிவிப்புகளாம்! நம் வீட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிறந்தநாள் வந்தால் மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும்.

புதிதாக இருக்கும்போது உள்ள கணக்கு இது. ஆப்பிளே சொல்வதுபடி அவர்களின் வாட்ச் பேட்டரி 1000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் வரை தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. தினம் ஒரு முறை சார்ஜ் என்றால் மூன்று வருடத்துக்குள் ஆயிரம் வந்துவிடும். 18 மணி நேரத்தில் 80 சதவீதம் என்றால் சுமார் 14 மணி நேரம், அதாவது காலை ஆறு மணிக்குக் கட்டினால் இரவு எட்டு, எட்டரைக்கு உயிர் போய்விடும். ஒரு வாரம் தாங்கும் வாட்சுக்கு இந்தத் தேய்மானம் உறைக்காது. ஒரு நாள் மட்டுமே தாங்கும் வாட்சுக்கு இதுதான் ஆயுள்.

தூக்கத்தை அளக்க வேண்டும் என்பவர்கள் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இரவும் கட்டியிருந்தால் எப்போது சார்ஜ் போடுவேன்? குளிக்கும் நேரத்தில் அரைமணி போட்டால் போதுமா என்று அந்த வாட்சின் சார்ஜ் வேகத்தைப் பாருங்கள். போதாது என்றால் தூக்கம் அளக்கும் வசதியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

படி 6: உடைந்தால் என்ன ஆகும்?

வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். "திரை உடைந்தால் மாற்றித் தருவீர்களா, எவ்வளவு ஆகும், பேட்டரி மட்டும் மாற்ற முடியுமா?" மூன்றே கேள்வி. பதில் தெளிவாக வரவில்லை என்றால் அதுவே பதில். முதல் பிக்சல் வாட்சின் திரை விரிசல் விட்டால் பழுது பார்க்க வழியே இல்லை என்று 2023இல் கூகுள் ஒப்புக்கொண்டது. குமிழி மாதிரி வளைந்த கண்ணாடி போட்ட வாட்சுக்கு இப்படி ஒரு நிலைமை.

ஸ்ட்ராப்பையும் பாருங்கள், இது சின்ன விஷயமில்லை. நம் வெயிலில், வியர்வையில் முதலில் போவது ஸ்ட்ராப்தான். கேலக்ஸி கியரில் 1.9 மெகாபிக்சல் கேமராவை ஸ்ட்ராப்பிலேயே வைத்துவிட்டார்கள், அதனால் ஸ்ட்ராப்பைக் கழற்றி வேறு போட முடியாது. ஆப்பிளை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும்: 2015இல் வாங்கிய ஸ்ட்ராப்கள் பல தலைமுறை தாண்டியும் புது வாட்ச்களில் பொருந்தின. சாதாரண 20 அல்லது 22 மில்லிமீட்டர் ஸ்ட்ராப் போட முடிகிற வாட்ச் என்றால் இன்னும் நிம்மதி, எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

தண்ணீர் விஷயம்: முதல் ஆப்பிள் வாட்சுக்கு இருந்தது ஐபிஎக்ஸ்7 தரம். தண்ணீர் தெறித்தால் தாங்கும், நீச்சலுக்கு ஆகாது. 50 மீட்டர் தரம் அடுத்த வருடம் சீரிஸ் 2இல்தான் வந்தது, அதோடு ஜிபிஎஸ்ஸும்.

படி 7: நிறுவனம் தாக்குப்பிடிக்குமா?

ஸ்மார்ட்வாட்ச் தனியாக நிற்கும் பொருள் கிடையாது. அதன் பின்னால் ஒரு போன் செயலி இருக்கிறது, அதற்கும் பின்னால் எங்கோ ஒரு சர்வர் ஓடுகிறது. நிறுவனம் கடையை மூடினால் கையில் மிஞ்சுவது நேரம் காட்டும் பட்டைதான், சில சமயம் அதுவும் இல்லை.

பெபிள் கதை எல்லோருக்கும் தெரிய வேண்டியது. அது ஒரு சின்ன ஸ்மார்ட்வாட்ச் நிறுவனம். 2012இல் மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கிட்டத்தட்ட 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டார்கள். செப்டம்பரில் தருவதாகச் சொன்ன வாட்ச் அடுத்த ஜனவரியில்தான் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது. சொல்லப்போனால் அது நல்ல வாட்ச், பல நாள் தாங்கும் பேட்டரி, வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை. ஆனாலும் 2016 டிசம்பரில் நிறுவனம் ஃபிட்பிட் என்ற இன்னொரு வாட்ச் நிறுவனத்துக்குக் கைமாறியது, பணம் வாங்கிவிட்ட பெபிள் டைம் 2 வெளிவராமலே போனது, 2018 ஜூனில் சர்வர்களை நிறுத்தினார்கள். ரெபிள் என்ற பெயரில் பயனர்களே சேர்ந்து மாற்றுச் சேவை நடத்தியதால் அந்த வாட்ச்கள் பிழைத்தன. அப்படி ஒரு கூட்டம் எல்லா வாட்சுக்கும் அமையாது.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2014இல் பேண்ட் என்று கையில் கட்டும் ஸ்மார்ட் பட்டை ஒன்றைக் கொண்டுவந்தது, 2016இல் விற்பனையை நிறுத்தியது, 2019 மே 31இல் செயலியையும் சேவையையும் மூடியது. தொடர்ந்து பயன்படுத்தி வந்தவர்களுக்குக் கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அது அபூர்வமான நல்ல குணம். வருடக்கணக்கில் ஸ்மார்ட்வாட்ச் விற்ற ஃபாசில் 2024 ஜனவரியில் இந்தத் தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கியது.

வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்க்கலாம். எத்தனை வருடம் அப்டேட் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? இன்டர்நெட்டை அணைத்துவிட்டால் வாட்ச் எதையெல்லாம் செய்கிறது? நடை, இதயத்துடிப்பு, அலாரம் எல்லாம் பயனர் கணக்கு இல்லாமல், சர்வர் இல்லாமல் ஓடினால் நல்லது.

படி 8: உடல்நல வாக்குறுதிகளைத் தனியாக வடிகட்டுங்கள்

நடந்த தூரம், இதயத்துடிப்பு, தூங்கிய நேரம் எல்லாம் தோராயமாகத் தெரிந்தால் போதும் என்றால் சரி. அதற்கு மேல் போகும்போது உஷார். ரத்த அழுத்தம் காட்டும் சாம்சங் வாட்சைக்கூட நான்கு வாரத்துக்கு ஒரு முறை கையில் பட்டை கட்டிப் பார்க்கும் சாதாரண பிபி கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் என்று விற்கப்படும் வாட்ச்களைப் பற்றி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது: அப்படி எந்த வாட்சுக்கும் அவர்கள் அனுமதி தரவில்லை. நம் ஊர் ஆன்லைன் கடைகளில் அந்த வாசகத்தோடு இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் வந்தால் அப்படியே தாண்டிப் போங்கள். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை என்றால் அந்தப் பணத்தில் குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் வாங்கிக் கொடுப்பது மேல்.

படி 9: விலையை வருடத்துக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள்

வாட்சின் விலையை அப்டேட் தருவதாகச் சொன்ன வருடங்களால் வகுங்கள். 30,000 ரூபாய், மூன்று வருடம் என்றால் வருடத்துக்குப் பத்தாயிரம். படி 3இல் நீங்கள் எழுதிய முதல் பத்திக்கு வருடம் பத்தாயிரம் தகுமா? சில நேரம் தகும், அது உங்கள் வருமானத்தையும் ஆசையையும் பொறுத்தது, அதில் நான் தலையிட மாட்டேன்.

முதல் ஆப்பிள் வாட்சில் தங்கத்தில் செய்த எடிஷன் என்று ஒன்று இருந்தது, ஆரம்ப விலையே 10,000 டாலர். உள்ளே 349 டாலர் வாட்சில் இருந்த அதே எஸ்1 சிப். 2018இல் வாட்ச்ஓஎஸ் 5 வந்தபோது தங்கம், அலுமினியம் என்ற பேதமில்லாமல் இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

விலை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே 349 டாலர் ஸ்போர்ட் மாடல் 2015 ஏப்ரலில் வந்தது, 2016 மார்ச்சில் 299 ஆனது, அந்த செப்டம்பரில் அதைவிட வேகமான சீரிஸ் 1, 269 டாலருக்கு வந்தது. இந்தியாவில் முதல் வாட்ச் விற்பனைக்கு வந்ததே 2015 நவம்பரில், 30,900 ரூபாயிலிருந்து. ஆக நம் ஆட்களுக்கு அது "புதுசு" என்று இருந்தது வெறும் பத்து மாதம். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: வெளிநாட்டில் வந்து ஆறு மாதம் கழித்து இங்கே வரும் வாட்சுக்கு அடுத்த தலைமுறை அவ்வளவு தூரத்தில் இல்லை. முதல் பிக்சல் வாட்ச் இங்கே அதிகாரபூர்வமாக வரவே இல்லை, இரண்டாவதுதான் வந்தது. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் கையில் கொண்டுவரச் சொல்பவர்கள் வாரண்டியும் கூடவே விமானம் ஏறி வருமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 10: கடையில் கட்டிப் பாருங்கள்

இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். கையை உயர்த்தினால் திரை உடனே எரிகிறதா, கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்தால் எழுத்து தெரிகிறதா, ஈர விரலில் தொட்டால் கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முக்கியமாக, உங்கள் போனிலிருந்து தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். சில விலை குறைந்த வாட்ச்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாக வரும், சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வீட்டில் பாதி செய்தி தமிழில் வருகிறது என்றால் அறிவிப்பு பார்க்கும் வசதியில் பாதி அங்கேயே போய்விடும்.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் திருப்பி அனுப்பும் விதிகளைப் படியுங்கள். பல இடங்களில் ஏழு நாளுக்குள் பழுதானால் வேறொன்று தருவார்கள், பிடிக்கவில்லை என்றால் பணம் வராது. முதல் தலைமுறைப் பொருளுக்கு இது ஆபத்தான ஏற்பாடு, ஏனென்றால் குறை பெரும்பாலும் அந்த ஒரு வாட்சில் இருக்காது, வடிவமைப்பில்தான் இருக்கும். மாற்றிக் கொடுப்பதும் அதே குறையோடுதான் வரும்.

யார் வாங்கலாம்?

இவ்வளவு சொன்ன பிறகும் சிலரைத் தடுக்க மாட்டேன். அந்த இயங்குதளத்துக்கு செயலி எழுதுபவர், வாங்கித்தான் ஆக வேண்டும். படி 3இன் முதல் பத்தியே தன் தேவையை முழுதாகத் தீர்க்கிறது, சிப்பும் பழசில்லை, சர்வீஸ் சென்டரும் ஊரில் இருக்கிறது என்றால் காத்திருக்கக் காரணமே இல்லை. புதுப்பொருளைப் பிரித்து மேய்வதே பொழுதுபோக்கு, பணம் போனாலும் பரவாயில்லை என்பவரிடம் கணக்குப் பேசுவது வீண்.

மற்றவர்கள் வெளியான தேதியிலிருந்து மூன்று மாதம் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முதல் பெரிய அப்டேட் வந்திருக்கும், காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுத ஆரம்பித்திருப்பார்கள், முதல் பண்டிகைத் தள்ளுபடியும் எட்டிப் பார்க்கும். அப்போதும் பிடித்திருந்தால் படி 3இலிருந்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் பழைய முதல் தலைமுறை வாட்ச் சல்லிசாகக் கிடைத்தால்? உங்கள் போனின் இப்போதைய மென்பொருளோடு உங்கள் கண் முன்னால் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு முழுவதும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், ஆப்பிள் வாட்ச் என்றால் ஆக்டிவேஷன் லாக் (பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு போட்ட பூட்டு) இருந்தால் அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பின்மூடியும் திரையும் உப்பி விலகியிருக்கிறதா என்று விளிம்பில் நகத்தை வைத்துப் பாருங்கள், விலகியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம், தொடாதீர்கள். சார்ஜர் கூடவே வருகிறதா என்று கேளுங்கள், கேலக்ஸி கியர் மாதிரித் தனித் தொட்டில் தேவைப்படும் வாட்சுக்கு அது தொலைந்தால் வாட்சும் தொலைந்த மாதிரிதான். பேச ஆரம்பிக்கும்போதே முழு சார்ஜில் கொடுக்கச் சொல்லி, விலை பேசி முடிக்கும்வரை கையிலேயே கட்டியிருங்கள். அந்த அரைமணியில் எத்தனை சதவீதம் இறங்கியது என்பதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.